ஒரு சிவப்பு, பத்து வெள்ளை

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெரியவளின் கை, அவளைக் கேட்காமலேயே, அம்மாவின் விரல்களுக்கு நடுவே போய்ச் செபமாலையை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

கண் மூடித் திறக்கிற நேரம்தான். சவப்பெட்டிக்குள் படுத்திருந்த அம்மாவின் கைகள் கோத்தது கோத்தபடியே இருந்தன. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த சின்னவள் பார்க்கவில்லை. சுவரோரம் செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்களும் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் அது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. அம்மா வேலை பார்த்த தையல் கடையின் முதலாளியம்மா வேறு சபைக்காரர்; கிறிஸ்தவர்தான், ஆனால் மாதா, சுரூபம், செபமாலை எதையும் ஏற்காதவர். எல்லோருக்கும் அவர் 'மேடம்'. எப்போதாவது வீட்டுப் பக்கம் வருவார். கார்க் கதவு சத்தம் கேட்டதுமே இரண்டு பெண்களும் ஓடுவார்கள். மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போவது பெரியவளின் வேலை. திருஇருதயப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது சின்னவளின் வேலை.

"மாதா என்ன திருட்டுச் சாமானா, ஒளிச்சு வைக்க?" என்று சின்னவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வாயை மூடு. வந்துட்டுப் போறவங்க. கொஞ்ச நேரம் உள்ள இருந்தா மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. சத்திரத்துல இடமில்லைன்னதும் மாட்டுக் கொட்டில்ல போய்ப் படுத்தவங்கதானே. அவங்களுக்குப் பழக்கம்தான்" என்பாள் அம்மா.

சொல்லிவிட்டு அம்மாவே சிரிப்பாள். சிரித்தபடியே கதவைத் திறப்பாள்.

இன்றைக்குக் கதவு திறந்தே கிடந்தது. மேடம் கை நிறைய வெள்ளைப் பூவோடு உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் உடைந்துபோய்விட்டார். அது நடிப்பில்லை. மூக்கெல்லாம் சிவந்து, வாய் கோணிக்கொண்டு அழுதார்.

"என் ஊசியம்மா போயிட்டாளே. இனிமே எனக்கு எதிர்ல யாரை உக்கார வைப்பேன்?"

ஊசியம்மா என்று அம்மாவுக்குப் பேர் வைத்ததே அவர்தான். பெண்கள் வளர்வதற்கு முன்னாலிருந்தே அவர்கள் இருவரும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தவர்கள். மேடம் குனிந்து அம்மாவின் கையைத் தொட்டார். தொட்டவர் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தார்.

"பரவாயில்லையே. கையில மணி கிணி எதுவும் சுத்தாம விட்டிருக்கீங்க. அவ மனசு எனக்குத் தெரியும். அவ உங்க ஆளுங்க மாதிரி இல்ல."

"ஆமா மேடம்" என்றாள் பெரியவள்.

அந்த 'ஆமா' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு சாமியார் வந்தார், பெட்டியை மூடினார்கள், தூக்கினார்கள், மழைத் தூறலில் மண் போட்டார்கள். நடந்தது எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல நடந்தது. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது பையிலிருந்து அது தரையில் விழுந்தது. மணி மணியாகச் சத்தம் போட்டுக்கொண்டு விழுந்தது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா இது?"

"அம்மா கையில இருந்தது."

"அம்மா கையில இருந்தா உன் பைக்கு எப்படி வந்துச்சு?"

"கார்க் கதவு சத்தம் கேட்டுச்சு."

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள். சின்னவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"செத்த பிறகுமாக்கா? செத்த பிறகுமா ஒளிச்சோம்?"

"நான்தான் ஒளிச்சேன். நீ இல்ல."

"நாளைக்கே போய் அந்தம்மா மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

"என்னன்னு கேப்ப? எடுத்தது என் கை."

"எடுக்க வெச்சது யாரு?"

சின்னவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வாய்க்கு அங்கே டாக்டர்களே ஒதுங்கிப் போவார்கள். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, "உங்களுக்கென்னப்பா, என்ன தப்பு வேணாலும் பண்ணிட்டு பாவத்தை ஃபாதர் காதுல ஊதிட்டாப் போதும், சுத்தம்" என்றாளாம். "ஆமா, இந்த வாரம் உன்னைப் பத்தித்தான் ஊதப் போறேன், கூட வர்றியா?" என்று கேட்டாளாம் இவள்.

"சண்டை போட்டு என்ன கிடைச்சுது உனக்கு?" என்று அம்மா ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் கிடைக்கலம்மா. முன்னாடியும் மதிக்கல, இப்பவும் மதிக்கல. ஆனா படுத்தாத் தூக்கம் வருது."

பெரியவளுக்கு இப்போது தூக்கம் வரவில்லை.

*

கடை ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. கல்யாண உடுப்புகளைப் பிரித்து, பிடித்து, இறக்கி, உடம்புக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருகிற கடை. படியேறி வந்ததும் தலையில்லாத துணிப் பொம்மைகள் வரிசையாக நிற்கும், வெள்ளை வெள்ளையாக உடுத்திக்கொண்டு. அதற்குப் பின்னால்தான் ஜன்னலோரமாக அந்தப் பெரிய மேசை. இந்தப் பக்கம் மேடம், அந்தப் பக்கம் அம்மா. பெரியவளின் மிஷின் சற்றுத் தள்ளி. மூலையில் காஜாக்காரர், பொத்தான் ஓட்டை போடுகிறவர்.

அம்மாவின் இடத்தில் இரண்டு பஞ்சுப்பந்துகள் இருக்கும், குண்டூசி குத்தி வைப்பதற்கு. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. அவற்றின் கதை அந்தக் கடையில் பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு வேளையில் செபமாலையை எடுத்து மடியில் வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். மேடம் பார்த்துவிட்டார். திட்டவில்லை, சிரித்தார். "என்னம்மா, மணியை உருட்டி உருட்டி மோட்சத்துக்கு டெலிபோன் போடறியா? லைன் கிடைச்சுதா?" கடையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். பிறகு மேடம் தன்மையாகத்தான் சொன்னார்: "என் மேசைகிட்ட அது வேண்டாம்மா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மணி சட்டைக்குள் போனது. மறுநாள் குண்டூசி வந்தது. பெரிய மணிக்குச் சிவப்புத் தலை ஊசி ஒன்று, அதற்கப்புறம் சின்ன மணிகளுக்கு வெள்ளைத் தலை ஊசி பத்து. மறுபடி ஒரு சிவப்பு, மறுபடி பத்து வெள்ளை. வலது பந்திலிருந்து எடுத்து இடது பந்தில் குத்துவாள். சிவப்பை எடுத்தால் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே'. வெள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே'. உதடு அசையாது. துணி மடிக்கும்போதும் நடக்கும், மேடம் எதிரில் இருந்து ஊர்க்கதை பேசும்போதும் நடக்கும். "நம்ம ஊசியம்மா மாதிரி சுத்தக்காரி உண்டா? ஊசியைக்கூடக் கலர் கலராப் பிரிச்சு வைக்கிறா" என்று மேடம் வருகிறவர்களிடம் பெருமை பேசுவார்.

பெரியவள் வேலைக்குத் திரும்பிய அன்று வலது பந்து நிறைய ஊசி இருந்தது. அம்மா விட்டுப்போனபடியே. அதைத் தொட மனம் வராமல் தன் மிஷினில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது காஜாக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணே."

"அந்த ஊசி இடம் மாறியிருக்கு."

பார்த்தாள். ஊசிகள் எல்லாம் இடது பந்தில் இருந்தன. ஒரு சிவப்பு, பத்து வெள்ளை. ஒரு சிவப்பு, பத்து வெள்ளை. பிசகே இல்லை.

"நான் தொடலம்மா, என் தாயாணை. நீயா?"

"இல்லண்ணே."

"அப்ப உங்க அம்மா இன்னும் போகல." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான், எதுவும் எனக்கு ஒண்ணும் செஞ்சதில்ல. ஆனா இந்த விஷயத்துல எனக்கு அனுபவம் உண்டு. எங்க சித்தப்பா செத்து ஒரு வருஷம் கதவைத் தட்டிட்டுக் கிடந்தாரு. அவரோட பல்செட்டை வீட்டுலயே வெச்சுட்டோம். அவங்க ஏதாவது கேக்கறாங்களா பாரு. கையில குடுக்க வேண்டியது எதையாவது குடுக்காம விட்டுட்டீங்களா?"

அந்த மனிதர் பல்செட்டைப் பற்றித்தான் பேசினார். பெரியவளுக்கு மண்ணுக்கடியில் கோத்தபடி இருக்கிற வெறுங்கை தெரிந்தது.

மறுநாள் ஊசி வலது பந்துக்கு வந்திருந்தது. அதற்கு மறுநாள் இடது. மிஷின் ஓடும்போது காதில் விழாது. மிஷினை நிறுத்தினால், அம்மாவின் நாற்காலிப் பக்கமிருந்து பஞ்சுக்குள் ஊசி இறங்குகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்பது போலவே இருக்கும். திரும்பினால் காலி நாற்காலி. துணிப் பொம்மைகள் தலையில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டாள். "ஃபாதர், கல்லறையைத் தோண்டி இதை உள்ள வைக்க முடியுமா?"

"அம்மாவுக்கு அது வேண்டியதில்லம்மா. உனக்குத்தான் வேணும். நீயே வெச்சுக்க" என்றார் அவர்.

நல்ல மனிதர், நல்ல வார்த்தை. ஆனால் அவர் எதிரில் காலி நாற்காலி இல்லையே. செபமாலையை வீட்டில் வைக்கவும் பயமாக இருந்தது. சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு அலைந்தாள்.

"அம்மா கேக்கறாங்கக்கா, வேறென்ன" என்றாள் சின்னவள், இஸ்திரி போட்டுக்கொண்டே. "ஆனா மணியைக் கேக்கல. உன்னை வாயைத் திறக்கச் சொல்லிக் கேக்கறாங்க. போய்ச் சொல்லு."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இன்னைக்கு அந்தக் கடையில அம்மாவுக்கு ஒரு நல்ல பேர் இருக்கு. ஊசியம்மான்னா மேடம் கண்ணுல தண்ணி வருது. சொல்லிட்டா, இவ்வளவு காலம் என்னை ஏமாத்திட்டான்னு ஆயிடும். செத்தவளுக்கு மிச்சம் இருக்கறது அந்தப் பேர்தான்டி. அதையும் எடுத்துடவா?"

"யாரோட நல்ல பேர் அது? அம்மாவோடதா? அவங்க கற்பனை பண்ணி வெச்சிருக்கற பொம்பளையோடதா?"

பெரியவள் இஸ்திரிப் பெட்டியைக் காட்டினாள். "துணி தீயுது பாரு" என்றாள்.

*

அன்றைக்கு நல்ல மழை. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கீழே போய்விட்டார்கள். பெரியவள் சாப்பாட்டு டப்பாவை மேலேயே மறந்துவிட்டிருந்தாள். செருப்பு நனைந்து சொதசொதவென்று இருந்ததால் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியேறினாள்.

மேல்படியில் நின்றபோது சத்தம் கேட்டது. பஞ்சுக்குள் ஊசி இறங்குகிற சத்தம். இந்த முறை மிஷின் ஓடவில்லை, காதும் பொய் சொல்லவில்லை. வெள்ளை உடுப்புகளுக்கு நடுவே, அம்மாவின் மேசைமேல் ஒரு கை அசைந்தது. சிவப்பை எடுத்தது. குத்தியது. கொஞ்சம் நின்றது. அப்புறம் வெள்ளை. அப்புறம் வெள்ளை. அம்மா நிற்கிற இடத்தில் நின்று, அம்மா போகிற வேகத்தில் போனது.

'அம்மா' என்று கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. ஒரு பொம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அம்மாவின் நாற்காலியில் மேடம் உட்கார்ந்திருந்தார்.

"மேடம்."

மேடம் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன்டி பூனை மாதிரி வர்ற? உசிரே போச்சு."

"நீங்களா?"

"என்ன நானா?"

"ஊசியை மாத்தி வைக்கறது."

மேடத்தின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போலச் சிவந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதே. காஜாக்காரன் காதுல விழுந்தா தெரு பூரா சொல்லுவான். உங்க அம்மா பண்றதை எதிர்லயே இருந்து பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துடுச்சு. அவ போனதுலேர்ந்து தலைக்குள்ள ஒரே இரைச்சல்டி. பிரார்த்தனைக்கு உக்காந்தாலும் அடங்க மாட்டேங்குது. இதைப் பண்ணினா அடங்குது. சிவப்பைக் குத்திட்டு மூச்சு விடணும். அப்புறம் வெள்ளை பத்து. அவசரப்பட்டா வேலை செய்யாது. ஒரு தடவை கேட்டேன், இது என்ன கணக்குன்னு. 'கை சும்மா இருக்கக் கூடாது மேடம்'னா."

விடு, என்றது அம்மாவின் குரல் பெரியவளின் காதுக்குள். பாவம், நொந்துபோய் உக்காந்திருக்காங்க. நல்லாத்தானே இருக்கு அவங்களுக்கு. உனக்கென்ன வந்துச்சு? டப்பாவை எடுத்துட்டுக் கீழ போ.

பெரியவள் டப்பாவை எடுத்துக்கொண்டாள். திரும்பினாள். போயிருப்பாள்.

மேடம் பின்னாலிருந்து சொன்னார், ரொம்பப் பிரியமாக: "உங்க ஆளுங்க மணியை உருட்டிட்டுக் கிளிப்பிள்ளை மாதிரி உதட்டை ஆட்டறாங்களே, அதுல என்ன இருக்கு சொல்லு? இவளைப் பாரு. சத்தமே இல்லாம, வேலையோட வேலையா, மனசை ஒரு இடத்துல நிறுத்தத் தெரிஞ்சு வெச்சிருந்தா. இதுதான்டி ஜெபம்."

பெரியவள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அது செபமாலைதான் மேடம்."

"எது?"

"உங்க கையில இருக்கறது. சிவப்பு, கர்த்தர் கற்பித்த செபம். வெள்ளை பத்தும் மாதாவோட மந்திரம். நீங்க மணி வேண்டாம்னு சொன்னதுக்கு மறுநாள்லேர்ந்து அம்மா ஊசியில சொன்னாங்க. கடைசி நாள் வரைக்கும்."

மேடத்தின் விரல்களில் ஒரு வெள்ளை ஊசி அப்படியே நின்றது. மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.

"என் எதிர்லயே உக்காந்துக்கிட்டு" என்றார் கடைசியில். "என்கிட்டயே பேசிக்கிட்டு. ஏமாத்திட்டாளா என்னை?"

"ஏமாத்தல. ஒளிஞ்சுக்கிட்டாங்க."

"யார்கிட்ட ஒளியணும்? நான் என்ன புலியா? அடிச்சேனா, திட்டினேனா? உங்க அப்பா போனப்ப யார் வந்து நின்னா? அவளுக்கு உடம்பு முடியாதப்ப யார் பக்கத்துல இருந்தா?"

"நீங்கதான் மேடம். எல்லாத்துக்கும் நீங்கதான் வந்தீங்க. நீங்க புலி இல்ல. நீங்க சிரிப்பீங்க. அவ்வளவுதான்."

"வேடிக்கைக்குச் சொல்றதெல்லாமா…"

"அம்மாவும் கூடவே சிரிச்சாங்கல்ல? அந்த நடிப்பை வீட்டுக்கு வந்தும் நிறுத்த முடியாது மேடம். உங்க கார்ச் சத்தம் கேட்டா மாதா சுரூபத்தைத் தூக்கிட்டு நான் உள்ள ஓடுவேன், என் வயசுப் பொண்ணுங்க பாவாடைக் கயிறு கட்டக் கத்துக்கற வயசுல." பைக்குள் கையை விட்டாள். செபமாலையை எடுத்து மேசைமேல், ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அம்மா கையில இதைச் சுத்தித்தான் படுக்க வெச்சோம். உங்க கார்க் கதவுச் சத்தம் கேட்டுச்சு. நான் உருவிட்டேன். யோசிக்கவே இல்ல. நீங்க அம்மா கையைத் தொட்டுப் பார்த்துப் பரவாயில்லையேன்னீங்க. நானும் ஆமான்னேன். பெட்டியை அப்படியே மூடிட்டாங்க."

மேடம் செபமாலையைத் தொடவில்லை. பாம்பைப் பார்ப்பது போலவும் பார்க்கவில்லை. தெரிந்த ஒருவரின் முகத்தை அடையாளம் தெரியாமல் பார்ப்பது போலப் பார்த்தார். மெதுவாக அந்த ஒற்றை ஊசியைப் பஞ்சில் குத்தினார். எழுந்தார்.

"ரெண்டு பந்தையும் நீ எடுத்துட்டுப் போயிடு. உங்க வீட்டுச் சாமான். எனக்கு வேண்டாம்."

"மேடம்…"

"போய்ச் சாப்பிடு. ஆறிடும்."

*

"சொல்லிட்டியா!" சின்னவள் கதவைத் திறந்ததுமே முகத்தில் படித்துவிட்டாள். "என்ன சொன்னாங்க? மன்னிப்புக் கேட்டாங்களா?"

"சாப்பிடச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா? அழுதாங்களா?"

"இல்ல."

சின்னவள் பஞ்சுப்பந்துகளை வாங்கி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். "ஏன் இப்படி நிக்கற? வேலை போயிடும்னு பயமா?"

"இல்லடி. இனிமே கடையில அந்தச் சத்தம் கேக்காது."

"எந்தச் சத்தம்?"

"அம்மா சத்தம்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, பெட்டியை மூடியபோது வராத அழுகை. "அம்மான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பயமா இருந்தாலும் இருக்காங்கன்னு இருந்தேன். நானே வாயைத் திறந்து அனுப்பிட்டேன்."

சின்னவள் அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பெரியவள் படியேறினாள். வேலை போகவில்லை. மேடம் அவளைப் பார்த்து, "வந்துட்டியா? அந்த நீல உடுப்புக்கு ஓரம் பிரிக்கணும். இங்க வந்து உக்காரு" என்று அம்மாவின் நாற்காலியைக் காட்டினார். குரலில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. முகம் மட்டும் ஒரே நாளில் மூத்துப் போயிருந்தது.

பெரியவள் உட்கார்ந்தாள். பையிலிருந்து செபமாலையை எடுத்து, கத்தரிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிறபடி வைத்தாள். காஜாக்காரர் பொத்தான் ஓட்டையிலிருந்து தலை நிமிர்த்தி அதைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், மறுபடி பொத்தான் ஓட்டைக்குள்ளேயே போய்விட்டார். மேடம் சிரிக்கவில்லை.

நூல் பிரிக்கிற வேலை, கண் நிமிராத வேலை. மதியத்துக்குச் சற்று முன்னால், எதிர்ப்பக்கம் ஏதோ அசைவது போல இருக்கவே பெரியவள் நிமிர்ந்தாள்.

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அவருடைய வலது கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வெறும் பலகையில், இல்லாத ஊசியை இரண்டு விரலால் எடுத்து, இல்லாத பஞ்சில் குத்தியது. குத்திவிட்டுக் கொஞ்சம் நின்றது, அம்மா நிற்கிற இடத்தில். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது.

பெரியவள் கையிலிருந்த உடுப்பை மேசைமேல் வைத்தாள்.

மேடம் திரும்பினார். தன் கையைத் தானே பார்த்தார். மறு கையால் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டார், வலிக்கிற இடத்தைப் பிடிப்பது போல. அந்தக் கைக்குள்ளும் விரல்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன.

"பாக்காதேடி" என்றார். குரல் கெஞ்சியது.

"பாக்கல மேடம்" என்றாள் பெரியவள்.

நாற்காலியைச் சற்று ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். செபமாலையைக் கையில் எடுத்தாள். எதிர்ப்பக்கம் பலகையில் விரல் படுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அது நின்று மூச்சு விடுகிற இடத்தில் இவளும் பெரிய மணிக்கு வந்து நின்றாள்.